முதல் குடம்

துரை குதிரையில் வந்துபோன காலம் அது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த எங்களுக்கெல்லாம் தண்ணீர் கொட்டும் ஒரே பீலி. மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகே கடைசி லயத்துக்காரர்கள் பிடிக்கலாம். சாதி வழக்கம் அப்படி. ஒருநாள் காலை கடைசி லயத்து முத்தாயி, வரிசையைத் தாண்டி நேராக முன்னால் வந்து நின்றாள்.

“இன்னிக்கி நான் மொதல்ல புடிக்கிறேங்க. புள்ளைக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது.”

சொல்லிக்கொண்டே குடத்தைப் பீலியோரம் வைத்தாள்.

“கொடத்த எடுடி. ஊரு வழக்கத்த நீ மாத்துவியா?” என்றாள் கங்காணியின் மனைவி.

“வேலைக்குப் பேரு குடுக்க, பெரட்டுல எல்லாரும் ஒண்ணாத்தானேங்க நிக்கிறோம்?”

“அது தொரை வச்சது. இது நாம வச்சது.”

முத்தாயி நகரவில்லை. அப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த செல்லம்மா, பாதி நிறைந்த தன் குடத்தை இழுத்துக்கொண்டாள்.

“நாம வச்சதுதானே? நீ புடி முத்தாயி.”

“செல்லம்மா! இனி ஒன் வீட்டுக்கு ஒருத்தரும் அடுப்புக்கு நெருப்புகூடக் குடுக்க மாட்டாங்க, பாத்துக்க!” என்று கத்தினாள் கங்காணியின் மனைவி.

செல்லம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“நெருப்புக்கு ஒன் வீட்டுக்குத்தான் வரணும்போல. குடுப்பியா?” என்று முத்தாயியிடம் கேட்டாள்.

“வாங்கக்கா.”

முத்தாயி தன் குடத்தைப் பீலிக்கு அடியில் நகர்த்தி வைத்தாள்.