மேற்குப் பக்கத்துக் கண்ணாடி அறை

கண்ணாடி அறை கட்டுவதாக இருந்தால் முதலில் திசையைப் பாருங்கள், ஐயா. பலரும் தரைக்கு என்ன கல் போடுவது என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கிழக்கில் கட்டினால் காலை வெயில் இதமாக வந்துவிட்டுப் போய்விடும். மேற்கில் கட்டினால் மதியத்துக்குமேல் உள்ளே உட்கார முடியாது. முப்பத்தோரு வருடம் வீடுகளுக்கு வரைபடம் போட்டவன் நான். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

என் மனைவிக்கு இந்த அறைமேல் பல வருட ஆசை. நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே கட்டித் தரச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைந்து கொடுத்தேன். சொந்த வீட்டுக்கு நேரம் வரவில்லை. பிறகு பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு வருடம் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டி நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

வெளியூரில் இருக்கும் மகள்தான் இதில் மூக்கை நுழைத்தாள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேம்பா. நீங்களும் எத்தன நாளைக்குத்தான் கஷ்டப்படுவீங்க?"

மனைவியைப் பார்த்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு வாய் குழறும். அன்று மட்டும் தெளிவாகச் சொன்னாள்: "நான் போறேங்க."

நான்கு வருடத்தில் அவள் அப்படித் தெளிவாக எதையும் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மகள் வந்து அழைத்துப்போக மூன்று மாதம் இருந்தது. அந்த அறையைக் கட்டிக் கொடுத்தால் மனைவி மனம் மாறுவாள் என்று நினைத்து, மறுநாளே பென்சிலை எடுத்தேன். முதல் படத்தில் அறை கிழக்கில்தான் இருந்தது. மூன்று ஜன்னல்கள், சூடு வெளியேறக் கூரையில் ஒரு திறப்பு. அவள் மடியில் விரித்துக் காட்டினேன். இடது கையால் தடவித் தடவிப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"அழகா இருக்கு," என்றாள். "நான் போனப்புறம் நீங்க உக்காந்துக்கோங்க."

அன்று மாலையே அறையை மேற்குக்கு மாற்றினேன்.

கண்ணாடி வேலைக்கு வந்தவர் நல்ல மனிதர். படத்தில் கூரைத் திறப்பையும் ஜன்னல்களையும் நான் கோடு போட்டு அடித்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போனார். "சார், ஒரு ஜன்னலாவது வைங்க. உள்ள இருக்கறவங்க வெந்துடுவாங்க" என்றார். தூசி என் மனைவிக்கு ஆகாது என்றேன். படத்தில் எதை மாற்றினாலும் அந்த இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது அவர் வழக்கம். அடித்த ஒவ்வொரு ஜன்னல்மேலும் போட்டேன். கதவுத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றச் சொல்லி அங்கேயும் போட்டேன். நீங்கள் மேசையில் விரித்து வைத்திருப்பது அந்தப் படம்தான். என் தொழிலில் ஒளிவுமறைவு கிடையாது.

மகள் வருவதற்கு முந்தைய நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் மனைவியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலியை வெயிலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன்.

"இப்பவும் போகணுமா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினாள். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

சிறிது நேரத்தில் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினாள். இரட்டைக் கண்ணாடி என்பதால் சத்தம் அவ்வளவாக வெளியே வரவில்லை. வேலை சுத்தமான வேலை. நான்கு மணிக்குத் தட்டுவதை நிறுத்தினாள். ஐந்தரைக்குக் கதவைத் திறந்தேன்.

அம்மாவை அடைத்துப் போட்டுவிட்டு அப்பா எங்கோ போய்விட்டார் என்று மகள் உங்களிடம் சொன்னாளாம். எனக்கு அதுதான் துக்கமாக இருக்கிறது. கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, அவள் கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம்கூட அவளைத் தனியாக விடவில்லை, ஐயா. அதையும் சேர்த்து எழுதுங்கள்.