இடம் இருக்கு

எனக்குச் சத்தமாகப் பேச வராது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. போன முறை விசாரணைக்குக் கூப்பிட்டபோது நான் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டினீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். எழுந்து பாடத்தை வாசி என்பார்கள். எழுந்து நிற்பேன், வாயும் திறக்கும், ஒன்றும் வெளியே வராது. பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பாள், பிறகு வகுப்பே சிரிக்கும். ஒருநாள் பையைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளியவள் திரும்ப எடுக்கவில்லை. அம்மா வேலை செய்த சலவைக்கூடத்திலேயே ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும் வேலை எனக்கும் கிடைத்தது. இயந்திர இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

என்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது தங்கைதான். "ஒரு ஆள் குறையுதுக்கா. சும்மா வந்து நில்லு, போதும்" என்றாள். போய் நின்றேன்.

நீங்கள் பேஸ்பால் பார்த்ததில்லை என்று அன்றே சொன்னீர்கள். அதனால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது. உயரே அடிக்கப்படும் பந்தைத் தரையில் விழுமுன் பிடிக்க மைதானத்தின் கடைசியில் மூன்று பேர் நிற்போம். நடுவில் தங்கை, அவளுக்குப் பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் சுவர். தலைக்கு மேலே போகும் பந்தைத் துரத்துகிறவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். சுவர் எங்கே என்று ஒரு கணம் திரும்பினால் பந்து போய்விடும். பெரிய மைதானங்களில் சுவருக்கு முன்னால் புல் இல்லாத மண் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். மண்ணை மிதித்ததும் காலுக்குத் தெரிந்துவிடும். எங்கள் மைதானத்தில் சுவர்வரைக்கும் புல். அதனால் அவளுக்காகச் சுவரைப் பார்ப்பது என் வேலை. பார்த்துக் கத்த வேண்டும். 'இடம் இருக்கு' என்றால் இன்னும் ஓடலாம். 'சுவரு' என்றால் நின்றுவிட வேண்டும்.

"உனக்குப் பேச்சே வேணாம்மா, இந்த ரெண்டு போதும்" என்றார் கோச். "ஆனா தொண்டையில இருந்து சொல்லாத. வயித்துல இருந்து சொல்லு."

சொன்னேன். எனக்கே அது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. அடிக்கிறவளுக்குப் பின்னால் முகமூடி போட்டு உட்கார்ந்து பந்து பிடிக்கிறவளை நாங்கள் ரேடியோ என்போம், வாயை மூடவே மாட்டாள். அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு அங்கிருந்தே கத்தினாள்: "அடிப்பாவி, ஊமைச்சிக்கு வாய் இருக்குடி. இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை.

பிறகு கோச் ஒரு பயிற்சி வைத்தார். தங்கையின் கண்களைத் துண்டால் கட்டிச் சுவரை நோக்கி ஓடவிடுவார். நான் குரல் கொடுப்பேன். மற்றவர்கள் இரண்டடி வைத்ததும் கையை முன்னால் நீட்டிவிடுவார்கள். தங்கை கையை நீட்டியதே இல்லை. முழு வேகத்தில் ஓடுவாள். நான் 'சுவரு' என்றதும் நிற்பாள், மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்.

"பயமே இல்லையாடி உனக்கு?" என்று ரேடியோ கேட்டாள்.

"எதுக்குப் பயம்? அக்கா இருக்கால்ல."

கவனத்தைக் கட்டிவைக்கவும் கோச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையுறையின் தையலைப் பார், மூச்சை விடு, முந்தின பந்தைத் துப்பிவிடு என்பார். எங்களுக்கு அது பாதி நாள் வரும், பாதி நாள் வராது. தங்கைக்கு மட்டும் கதவைச் சாத்துகிற மாதிரி வந்தது. ஒருதரம் ஆட்டத்தின் நடுவே நாய் ஒன்று புகுந்து ஊரே அதைத் துரத்தியது. ஆட்டம் முடிந்து, "நாயா, எப்போ?" என்று கேட்டாள். "இவ காதுல ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கான். அக்கா வந்தா மட்டும் சல்யூட் அடிச்சு உள்ள விடுவான்" என்பாள் ரேடியோ.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். உலகத்தில் ஒருத்தருக்கும் கேட்காத குரல். அது ஒரே ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது, அவளுக்கு வேறெதுவும் கேட்பதில்லை.

தலைநகர் அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் அவளைத் தேர்ந்தெடுத்தார். என்னை அவர் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, நான் சுமாராகத்தான் ஆடுவேன். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அம்மா சலவைக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்தாள். நான்தான் அவளுக்குப் பெட்டி அடுக்கினேன். அந்த அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்த அன்று தங்கை சாப்பிட உட்கார்ந்தவள் வாய் நிறையச் சோற்றோடு சொன்னாள்: "அங்க என் பக்கத்துல நிக்கிறவ இருக்காளே, என்னா குரல்க்கா அது. நீ சொல்றத விட முன்னாடியே சொல்லிடறா. கண்ணை மூடிட்டு ஓடலாம்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள். ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் கிளம்புமுன் எங்களுக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. நல்ல கூட்டம். கடைசிச் சுற்றில் பந்து எங்கள் இருவருக்கும் நடுவே தலைக்கு மேல் போனது. அவள் "எனக்கு" என்று கத்திவிட்டு ஓட ஆரம்பித்தாள். நானும் பக்கத்திலேயே ஓடினேன். அவள் முகம் வானத்தைப் பார்த்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதில் தூங்கும்போதும் அப்படித்தான் இருப்பாள்.

"இடம் இருக்கு" என்றேன். அப்போது இடம் இருந்தது.

பிறகு இல்லை. சுவரில் பெயின்ட் உரிந்த இடம்கூட எனக்குத் தெரிந்தது. 'சுவரு' என்ற சொல் வயிற்றிலிருந்து கிளம்பி வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் நிற்பாள். பந்து விழும். சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டுவாள், பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இவ்வளவையும் யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது.

"இடம் இருக்கு" என்று இன்னொரு தரம் சொன்னேன். அவ்வளவு தெளிவாக நான் எதையுமே சொன்னதில்லை.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.

கால் சுளுக்கும், அவள் போவது ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். பந்து அவள் கையுறைக்குள்ளேயே இருந்தது. அவுட் கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

கண்ணில் கோளாறு இல்லை, தலைக்குள் அடிபட்டதில் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. கை தெரிகிறது, யார் கை என்று தெரிவதில்லை. சுவருக்கு மெத்தை வைக்கவில்லை, மண் பட்டை போடவில்லை என்று கோச்சை நீக்கிவிட்டார்கள். அவர் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் அழுதார். "என் தப்பும்மா, நான்தான் அந்தக் கண்கட்டு ஓட்டம் ஓடவிட்டேன்" என்றார். அவர் நல்ல மனிதர். எனக்குக் குரல் கொடுத்தவர். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் நானாக இன்று வந்தேன்.

தங்கை உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியும். அவள் சொல்லும்போது கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். "அக்கா சுவருன்னு கத்தினா. எனக்குத்தான் கேக்கல. கூட்டத்துச் சத்தத்துல கவனம் போயிடுச்சு." நாய் புகுந்தது தெரியாதவள் அப்படிச் சொன்னாள். தலையில் அடிபட்டவர்களுக்கு அந்த நேரத்து நினைவு போய்விடுவது உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். ஆனால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் யோசியுங்கள். அம்மா பகலெல்லாம் சலவைக்கூடத்தில் இருக்கிறாள். நான் வேலையை விட்டுவிட்டேன். தலை வாரிவிடுவது, சோறு பிசைந்து கொடுப்பது, குளியலறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் நான்தான். எங்கள் வீட்டு நடை குறுகல். அவள் கட்டிலிலிருந்து எழுந்ததும் நான் மறுமுனையில் நின்று, "வா, இடம் இருக்கு" என்று குரல் கொடுப்பேன். வருவாள். இப்போது என் குரல் வீடு முழுக்கக் கேட்கிறது.

ஒன்றுதான் இன்னும் சரியாகவில்லை. அம்மா கூப்பிட்டால் கைகளைத் தொங்கவிட்டபடி நேராக நடந்து போகிறாள். நான் கூப்பிட்டால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, ஒவ்வோர் அடியாக வைக்கிறாள். கொஞ்ச நாள் விளையாடாமல் இருந்ததில் என் குரல் அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால் வந்துவிடும்.