பதினேழாவது ஐயக்குறிப்பு

கூட்டம் என்றால் நான் பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுவேன், ஐயா. தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக வைப்பது, நாற்காலிகளை எண்ணுவது எல்லாம் நானேதான். தலைவர் செய்கிற வேலையா இது என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் மறுஆய்வுக் குழுவின் வேலை எளிமையானது. வேறு கோளுக்குப் போகும் விண்கலத்தைக் கட்டுகிறவர்கள் கட்டுவார்கள். அதில் எங்கே பிசகு வரலாம் என்று நாங்கள் குடைவோம். யாருக்காவது மனதில் உறுத்தினால் ஐயக்குறிப்பு எழுதித் தரலாம். எழுதியவர் கூட்டத்தில் இருந்தால், அவர் சம்மதித்தால்தான் அதை முடிக்க முடியும். அவர் வராவிட்டால் தலைவரே முடித்துவிடலாம். ஒரே ஒரு குறிப்பு நிலுவையில் இருந்தாலும் கலம் கிளம்பாது.

பதினாறு குறிப்புகள் முடிந்திருந்தன. பதினேழாவதை எழுதியவள் எரிபொருள் பொறியாளர், என் மனைவியின் தங்கை. இந்த உறவை முதல் நாளே எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். விதி என்றால் எனக்கும் விதிதான். எரிபொருள் தொட்டியின் வால்வு கசிகிறது என்று ஏழு மாதமாக ஒரே பிடியாக நின்றாள். 'கசிவம்மா' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் சம்மதம் மட்டும் தர மாட்டாள்.

அந்தக் கோள் தோதான இடத்துக்கு வருவது இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை. இதை விட்டால் அடுத்த முறைக்கு நான் பதவியில் இருக்க மாட்டேன். பதினோரு வருட உழைப்பு, ஐயா. அவள் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

அன்று பதினொரு மணிக்குக் கடைசிக் கூட்டம். பத்தரைக்கு அவள் என் அறைக்கு வந்தாள்.

"அத்தான், அந்த வால்வை நேர்ல பார்க்காம நான் ஒத்துக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்னம்மா கோவம்? தொட்டி இன்னும் காலிதான். கலம் நிக்கிற கூடத்துப் பக்கவாட்டுக் கதவுச் சாவி இந்தா. ஆற அமரப் பார்த்துட்டு வா. நீ வர்ற வரைக்கும் உன் குறிப்பை எடுக்க மாட்டேன்."

"அப்பாடா, நீங்களாவது நம்பினீங்களே," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

தொட்டியை முந்தின நாள் மாலையே நிரப்பியாகிவிட்டது. ஒரு நாள் முன்னதாக நிரப்பச் சொன்ன உத்தரவு என்னுடையது. அவளுக்குப் போக வேண்டிய நகல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த எரிபொருளின் ஆவி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். நிரப்பிய பிறகு பாதுகாப்பு உடை இல்லாமல் யாரும் அந்தக் கூடத்துக்குள் போவதில்லை. முன்கதவில் சிவப்பு விளக்கு எரியும். பக்கவாட்டுக் கதவில் விளக்கு கிடையாது.

பதினொன்று ஐந்துக்கு அவள் நாற்காலி காலியாகவே இருந்தது. "கசிவம்மா இல்லாம கூட்டம் களைகட்டலையே," என்றார் ராக்கெட் பிரிவிலிருந்து வந்த உறுப்பினர். எல்லாரும் சிரித்தார்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். நான்கே நிமிடத்தில் பதினேழாவது குறிப்பை முடித்தேன். பதினொன்று இருபதுக்கு அபாயமணி அலறியது. கூடத்துக்குள் அவள் விழுந்து கிடப்பதைக் காவலாளி கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடினார்கள். நான் கூட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

"அவ உங்களைத்தானே நம்பினா?" என்று என் மனைவி திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கலம் கிளம்பவில்லை. வால்வு கசிந்தது உண்மைதான் என்று இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள். விசாரிக்க வந்த உங்களிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஐயா. அவளை அரை மணி நேரம் கூட்டத்துக்கு வரவிடாமல் செய்யத்தான் நினைத்தேன், கொல்ல நினைக்கவில்லை. கசிவு இருக்கிறது என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அன்று காலை அந்தக் கூடத்து வராந்தாவைப் பெருக்க வந்த இரண்டு பேரையும், பக்கத்திலேயே போகக் கூடாது என்று திருப்பி அனுப்பியது நான்தான். பிள்ளைகுட்டிக்காரர்கள், பாவம்.