ரத்தக்குழாய்க்குள் ஒரு கேமரா

ஒட்டுக்கேட்பது தவறு. அந்தத் தவறை, காங்கேயத்திலிருந்து கோவை வரும் பேருந்தில் மனமறிந்தே செய்தேன். முன் இருக்கையில், இதய அடைப்புக்கு ஆஸ்பத்திரி போகும் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"ஏனம்மணி, அந்த ஒயரு உள்ளார போயி என்ன பண்ணுமாமா?"

"ரத்தக்கொழாய்க்குள்ள லைட்டு அடிச்சு, மேலாக்கப் படம் புடிக்குமாமுங்க. அதுலயே ஸ்கேனும் இருக்குதாமா. அது சத்தம் உட்டு, செவுத்துக்குள்ளார ஆழமாவும் பாக்குமாமுங்க."

"நம்ம போர்வெல்லுக்குள்ள கேமரா உட்டாப்புலயா?"

"அதே மாதிரிதானுங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் கேமரா இன்னும் உள்ளயேதான் மாட்டிக் கெடக்குது. நான் பல்லடத்துல எறங்கிக்கறேன்."

"அந்தக் கேமராக்காரனைக் கூட்டியாந்தது நீங்க. இந்த டாக்டரைப் புடிச்சது நானுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார்.