கருவிப்பெட்டியும் கட்டிலும்

“அந்த அம்மா பக்கத்துல நல்லா தூங்குற ஆளாப் பாத்து உக்கார வைடா. போன வாரம் உக்காந்தவன் பாதி வழியிலேயே இறங்கிட்டான்.”

பென் ட்ரே போகும் பேருந்தில் ஏறும்போது, ஓட்டுநர் நடத்துநரிடம் சொன்ன இந்த வார்த்தை மியெனின் காதில் விழுந்தது. யாரைப் பற்றிய பேச்சு என்று அவளுக்குப் புரியவில்லை. கையிலிருந்த சீட்டின் எண்ணைத் தேடிப் போனதும் புரிந்தது. பூப்போட்ட சட்டையும் அதே துணியில் காற்சட்டையும் அணிந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, கைப்பேசியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“...காணோம்! காலையில கடை தொறக்கும்போது இந்த மூலையிலதான் இருந்துச்சு. இப்போ இல்ல. கால் முளைச்சுப் போயிடுச்சா? உக்காரு கண்ணு, உக்காரு. ஜன்னல் பக்கம் நீ போ, எனக்குக் காத்து ஆகாது. பையை மேல வைக்காத, மேல என் கருவாட்டுக் கூடை இருக்கு, அப்புறம் உன் துணியெல்லாம் கருவாடா மணக்கும். பேரென்ன? மியெனா? நல்ல பேரு. நான் லூவா. அத்தைன்னு கூப்பிடு. கூப்பிடாட்டியும் பரவால்ல, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வரேன்...

“நீயே சொல்லு, படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. இந்த போனைச் செஞ்சவன் உள்ளயே ஒரு கருவிப்பெட்டியை வச்சு அனுப்பியிருக்கான். கணக்குப் போடுறது, டார்ச்சு, பூதக்கண்ணாடி, குரல் பதியுறது, கொத்தனார் வச்சிருப்பாரே மட்டம் பாக்குறது, அது, நீளம் அளக்குறது, திசை காட்டுறது... எல்லாம் சும்மா! ஒரு காசு கிடையாது! ஆனா எங்க வச்சான்? தள்ளித் தள்ளிப் போனா கடைசிப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ள எறும்பு முட்டை மாதிரி குட்டிக் குட்டியா அத்தனையும். நான் காப்பிக் கடையில இத்தனை வருஷமா விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்மா! ஒரு நாள் தெரியாம விரல் பட்டுத் தொறந்துக்கிச்சு. நம்ம வீட்டுலயே பூட்டிக் கிடந்த அறையைத் தொறந்து பாத்தா உள்ள பீரோ, மேஜை, நாற்காலி எல்லாம் இருந்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு எனக்கு.

“பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? அடுக்கினேன். எனக்கு ஒரு சாமான் அதுக்கான இடத்துல இல்லன்னா சோறு இறங்காது. ‘கடை’ன்னு ஒரு கட்டம், அதுல கணக்கும் கடிகாரமும். ‘கண்ணு’ன்னு ஒண்ணு, டார்ச்சும் பூதக்கண்ணாடியும். ‘வீடு’ன்னு ஒண்ணு, மட்டம், அளவு, திசை. அப்புறம் ‘அவரு’ன்னு ஒண்ணு. அதுல குரல் பதியுறது மட்டும்தான். எங்க வீட்டுக்காரருக்காகவே ஒதுக்கினது. குறட்டை விடுறீங்கன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரே! பதிஞ்சேன். மறுநாள் கடைக்கு வந்தவங்ககிட்ட போட்டுக் காட்டினேன், நீங்களே நியாயம் சொல்லுங்கன்னு. ஒருத்தரு படகு மோட்டாரான்னு கேட்டாரு. அதுக்குக் கோவம். உண்மையைச் சொன்னா கோவம்!”

மியென் சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சைகோனின் கடைசிக் கடைகளும் தேய்ந்து, வயல்கள் தொடங்கிவிட்டிருந்தன.

“சிரிக்கிறியா? சிரி, சிரி. இன்னும் கேளு. மட்டம் பாக்குறது இருக்கே, அதை வச்சு எங்க கடை மேஜை ஒவ்வொண்ணாப் பாத்தேன். ஒண்ணுகூட நேரா இல்ல! காகிதம் மடிச்சு மடிச்சுக் காலுக்குக் கீழ வச்சேன். நல்ல காரியம்தானே? அவரு பக்கத்து வீட்டு லாங்கோட சதுரங்கம் ஆடிக்கிட்டு இருந்தாரு. அந்தப் பலகையையும் பாத்துடலாம்னு போனை நடுவுல வச்சேன். காய் ரெண்டோ மூணோ நகந்திருக்கும். அதுக்கு அந்தக் குதி! ஜெயிக்கிற ஆட்டமாம்! அவரு என்னிக்கு ஜெயிச்சாரு? அப்புறம் அந்த அளக்குறதை வச்சு அவரு தொப்பையை அளந்தேன். தூரத்துல நின்னுதான் அளந்தேன், தொடக்கூட இல்ல. அதுவும் குத்தமாம்.

“சரி, இதெல்லாம் போகட்டும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். கடைசியா அந்தத் திசை காட்டுறதைத் தொறந்தேன் பாரு... அங்க வந்துச்சு வினை.

“எங்க கட்டில் மாமனார் போட்ட இடத்துலயே கிடந்துச்சு. அவரு பழைய மரத் தட்டுல முள்ளு வச்ச திசைமானியைப் பாத்துப் போட்டது. கியெம் பிறந்த வருஷத்துக்குத் தென்கிழக்குல தலை வச்சாதான் ஆயுசும் வருமானமும்னு சொல்லிட்டுப் போனவரு. அட, கியெம்னா எங்க வீட்டுக்காரரு. நான் போனை வச்சுப் பாத்தா முள்ளு வடமேற்குங்குது! நேர் எதிர்! இத்தனை வருஷமா நாங்க ஏன் உருப்படலன்னு அப்பதான் புரிஞ்சுது. நகத்தினோம். நானும் அவரும்தான் நகத்தினோம், பலாமரக் கட்டில், கனம் தெரியுமா? மறுநாள் சும்மா சரி பாத்தேன். முள்ளு மேற்குங்குது. வீடே திரும்புதோன்னு வாசல்ல போய்ப் பாத்தேன். மறுபடி நகத்தினோம். அடுப்பையும் திருப்பினேன், கேஸ் குழாய் எட்டல, குந்திக்கிட்டுச் சமைச்சேன். அந்தப் போனே சொல்லுது, காத்துல எட்டு போடு, அப்பதான் சரியாக் காட்டுவேன்னு. வாசல்ல நின்னு கையை நீட்டி எட்டு எட்டாப் போட்டேன். எதிர் வீட்டுக்காரி எனக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு எலுமிச்சம்பழம் கொண்டு வந்து கொடுத்தா!

“அப்புறம் அவரோட வலை ஊஞ்சல். மத்தியானம் அதுல படுத்தாதான் அவருக்குக் கண்ணு சொருகும். அதுவும் தப்பான பக்கம் தொங்குதுன்னு தெரிஞ்சா விட முடியுமா? கொக்கியைப் பிடுங்கி வேற சுவத்துல அடிக்கச் சொன்னேன். அடிச்சாரு. மறுபடி அடிக்கச் சொன்னேன். அடிச்சாரு. மூணாவது தடவை சுத்தியலைக் கீழ வச்சாரு. ‘உன் போனுக்குள்ள இருக்கறதை எல்லாம் இழுத்து இழுத்து அடுக்கிக்கோ லூவா, என்னை அடுக்காத’ன்னாரு. வலையைச் சுருட்டினாரு. தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாரு, பென் ட்ரேக்கு. போன வாரம் கூப்பிடப் போனேன். கதவைத் தொறந்ததே அவ பிள்ளைங்கதான். மாமா தோப்புக்குள்ள இருக்காருன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் தோப்புல அப்படி என்னம்மா இருக்கு, தேங்காயைத் தவிர?”

அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தாழ்ந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை மாமனார் திதி. இவரு மூத்த மகன். படையலுக்கு முன்னால ஊதுவத்தி ஏத்த வேண்டியவரு. தம்பிங்க தங்கச்சிங்க அத்தனை பேரும் வருஷா வருஷம் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. நான்தான் வாத்து வேகவைப்பேன், நான்தான் எல்லாத்துக்கும் ஓடுவேன், நான்தான் சத்தம் போடுவேன். இந்தத் தடவை தங்கச்சி வீட்டுலயே வச்சுக்கலாம்னு பேச்சு அடிபடுதாம். ஒரு தடவை அங்க போயிடுச்சுன்னா அவ்வளவுதான் கண்ணு. அடுத்த வருஷமும் அங்கதான். என் வீட்டுப் படி ஏற ஆளிருக்காது. இன்னிக்கு எப்படியும் அவரைக் கூட்டிட்டு வந்தாகணும்.

“அதுக்குத்தான் அந்தத் திசை காட்டுறதைத் தேடுறேன். அவரு முன்னால நீட்டி, பாருங்க, முள்ளு சொல்லுது, நான் சொல்லலன்னு ஒரே போடாப் போடணும். வாயடைச்சு வந்துடணும் மனுஷன். காலையில இன்னும் கொஞ்சம் ஒழுங்கா அடுக்குவோம்னு இழுத்தேன், எங்கயோ விழுந்துடுச்சு. என் கண்ணாடி கூடைக்கு அடியில மாட்டிக்கிச்சு. நீ கொஞ்சம் தேடிக் கொடேன். எல்லாக் கட்டத்தையும் பாரு. இந்தா.”

மியென் கைப்பேசியை வாங்கினாள். சிவப்புத் தோலுறை போட்டு, புத்தகம்போல் மூடித் திறக்கும் மடலோடு இருந்தது. மடலைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் திறந்தாள். ‘கடை’யில் இல்லை. ‘கண்ணு’வில் இல்லை. ‘வீடு’ கட்டத்தில் மட்டமும் அளவும் மட்டும்தான் கிடந்தன. ‘அவரு’ என்ற கட்டத்துக்குள் குரல் பதியும் கருவிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

“கிடைச்சுடுச்சா? எதுல? ‘அவரு’ல போய் விழுந்துச்சா? பாத்தியா, பாத்தியா, போனுக்கே தெரியுது எல்லாத்துக்கும் காரணம் யாருன்னு!”

மியென் முள்ளைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். காலை வெயில் பேருந்தின் இடப்பக்கம் பின்னாலிருந்து விழுந்துகொண்டிருந்தது. கைப்பேசியோ அந்தப் பக்கத்தை மேற்கு என்றது. சொல்ல வாயெடுத்தாள். அத்தை பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி வாயெடுத்தாள். அத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மியெனின் விரல் தன்னையறியாமல் மடலை விடுவித்தது. முள் சுழன்று வேறு பக்கம் போய் நின்றது. மடலைப் பின்னால் மடித்தாள். முள் திரும்பி வந்தது.

“...வாத்துக்கு இஞ்சி நிறையப் போடணும், அதை யாரும்... ஏம்மா அதை அப்படித் தொறந்து தொறந்து மூடுற? விசிறுறியா? பிஞ்சுடும்... இரு. இரு இரு. அது ஏன் ஆடுது? இன்னொரு தடவை பண்ணு. மடி. விடு. மடி... எங்க, கையில கொடு.

“அட... மடிச்சா ஒரு பக்கம். விட்டா ஒரு பக்கம். உறையைக் கழட்டு. கழட்டிட்டியா? இப்ப எங்க காட்டுது? ...வெயில் பக்கம் கிழக்கு. ஆமா, கிழக்குன்னா அங்கதானே இருக்கணும்.

“இதுல காந்தம் இருக்கு கண்ணு. இந்த மடல்ல. மூடினா ‘டப்’புன்னு ஒட்டிக்கும், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். கடைக்காரி சாதா உறைதான் எடுத்துக் கொடுத்தா. காந்தம் வச்சதுதான் வேணும்னு நான்தான் அடம்பிடிச்சு வாங்கினேன்.

“அப்போ கட்டில்? இரு, யோசிக்கிறேன். மாமனார் போட்டிருந்த இடம்... ஜன்னல் தலைமாட்டுல. டெட் புத்தாண்டுப் பண்டிகை சமயத்துல விடிஞ்சதும் வெயில் அந்த ஜன்னல் வழியா நேரா நெத்தியில அடிக்கும். அவரு போர்வையை இழுத்து மூடிக்குவாரு. அந்த மாசத்துல சூரியன் தெக்க தள்ளித்தானே உதிக்கும்? அப்போ... தென்கிழக்கு.

“முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு.”

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. மியென் திரும்பிப் பார்த்தாள். லூவா அத்தை உறையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள். பேருந்து பெரிய பாலத்தின் மேல் ஏறியது. கீழே ஆறு பழுப்பாக, அகலமாக, மணல் படகுகளைச் சுமந்துகொண்டு போனது. நடத்துநர்கூட ஒருமுறை திரும்பி இந்த இருக்கையை எட்டிப் பார்த்தார்.

பாலம் இறங்கியதும் அவள் உறையில்லாத கைப்பேசியை எடுத்து அழைத்தாள்.

“என்னங்க... நான்தான். வச்சிடாதீங்க. கட்டிலை உங்கப்பா போட்ட இடத்துலயே போட்டுடலாம். ஊஞ்சலையும்தான். முள்ளு தப்பில்ல. உறையில காந்தம். நான் வாங்கினது.”

மறுமுனையில் ஓர் ஆண்குரல் தொடங்கியது. பலாமரக் கட்டிலின் கனத்தில் தொடங்கி, இடுப்பு வலிக்குப் போய், ஜெயிக்கவிருந்த சதுரங்கத்துக்கு வந்து, படகு மோட்டார் என்று சொன்னவனின் பரம்பரையைத் தொட்டு, மூச்சு விடாமல் ஓடியது. மியெனுக்கே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. லூவா அத்தை ஒருமுறை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். “உம்” என்றாள்.

பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து நின்றது. எல்லோரும் எழுந்து மூட்டைகளை இறக்கினார்கள். மியென் வெளியே போக வழிவிட்டு லூவா அத்தை காலை ஒடுக்கிக்கொண்டாள். கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, “உம்... அப்புறம்?” என்றாள்.