தண்ணீர் வசதி உண்டு

கோழிகளுக்கு ஊரடங்கு என்றால் என்னவென்று தெரியாது. வேளாவேளைக்குப் பசிக்கும். நீங்கள் கோழி வளர்த்திருக்க மாட்டீர்கள் ஐயா, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பண்ணை அண்ணன் பெயரில் இருந்தது. உழைப்பு இருவருடையது. ஓட்டல்களை மூடியதும் கோழி வாங்க ஆளில்லை. தீனிக் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பசியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. காலையில் கொட்டகைக் கதவைத் திறக்கவே கை வராது. அண்ணன் வாசலில் நின்றபடி, "நாம என்னடா பண்ண முடியும்?" என்பார்.

அப்போதுதான் அரசு நிவாரணம் அறிவித்தது. அதிகாரி பார்வையிட வரும்போது உரிமையாளர் பண்ணையில் நேரில் இருக்க வேண்டும். ஆளே இல்லாத பண்ணைக்குப் பணம் போய்விடக் கூடாதல்லவா. நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை.

அதிகாரி வரவிருந்த வாரத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்த அன்று அண்ணி ஆம்புலன்சுக்குப் போன் செய்யப் போனார். நான் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"தம்பி, அவருக்கு மூச்சு முட்டுது. பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!"

"நாளைக்கு ஒரு பகல் மட்டும் பொறுங்க அண்ணி. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா பண்ணைக்கு சீல் வச்சிருவாங்க. அப்புறம் நாம எல்லாரும் தெருவுலதான்."

நான் குரலை உயர்த்தவில்லை. அண்ணியையே கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் அண்ணனுக்குச் சலவைச் சட்டை போட்டு, கேட்டிலிருந்து தெரியும்படி நாற்காலியில் உட்காரவைத்தேன். சரிந்துவிடாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டி, மேலே போர்வை போர்த்தினேன். உதட்டை முகக்கவசம் மறைத்துக்கொண்டது. அண்ணியை உள்ளறையில் விட்டுத் தாழ் போட்டேன். அழுகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் காரியமும் நடக்காது.

அதிகாரி நல்ல மனிதர். தொற்றுக்குப் பயந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "நீங்கதானே ஓனர்?"

அண்ணன் தலையைத் தூக்கினார். "தண்ணி," என்றார்.

"பண்ணையில தண்ணி வசதி இருக்குன்னு சொல்றார் சார்," என்றேன்.

அதிகாரி குறித்துக்கொண்டு கிளம்பினார். வண்டிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து நான் துண்டை அவிழ்த்தபோது அண்ணன் என் தோளில் சாய்ந்தார். மூச்சு இல்லை. உள்ளேயிருந்து அண்ணி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை ஐயா.

பணம் வந்தது. கோழிகள் பிழைத்துக்கொண்டன.

ஒன்றை மட்டும் அண்ணியிடம் நான் சொல்லவில்லை. பார்வையிட வந்த அன்று காலையிலேயே அதிகாரி போன் செய்திருந்தார். "வீட்டுல யாருக்காவது முடியலைன்னா சொல்லுங்க, அடுத்த வாரம் வர்றேன். பணம் எங்கயும் போயிடாது," என்றார். எல்லோரும் சுகம் என்று சொன்னேன். அடுத்த வாரம்வரை அண்ணன் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். பிழைத்திருந்தால், நான் செய்ததுதான் சரி என்று அவரே உங்களிடம் வந்து சொல்லியிருப்பார்.