பதினேழாவது மேற்கோள்

பேராசிரியர்: …இருபத்தொன்பதாவது மேற்கோள்லயுமா? அங்கயும் காற்புள்ளி தப்பா?

சரிபார்ப்பவர்: காற்புள்ளி இருக்கற இடத்துல முற்றுப்புள்ளி வரணும் மேடம். நானே மாத்திட்டேன்.

பேராசிரியர்: ரெண்டுக்கும் ஒரு வால்தானே வித்தியாசம்!

சரிபார்ப்பவர்: அந்த வால்தான் மேடம் எனக்குச் சோறு போடுது.

பேராசிரியர்: சிரிக்க வச்சுட்டீங்க. காலையிலேர்ந்து இப்பத்தான் வாயைத் திறக்கறேன். இந்த ரூம்ல நானும் ஃபேனும்தான். அதுவும் முனகுது, பதில் சொல்ல மாட்டேங்குது.

சரிபார்ப்பவர்: இங்கயும் அப்படித்தான். வீட்டுல உக்காந்துதான் வேலை. பக்கத்து வீட்டு டீவி சத்தம் கேட்டாத்தான் ஊர்ல ஆள் இருக்காங்கன்னே தெரியும்.

பேராசிரியர்: வீட்டுலயா? மெயில்ல 'மேற்கோள் பிரிவு'ன்னு வருதே. பெரிய ஆபீஸ், பத்துப் பேர்னு நினைச்சேன்.

சரிபார்ப்பவர்: பிரிவுன்னா நான் ஒருத்திதான் மேடம்.

பேராசிரியர்: அப்ப சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க, பிரிவுன்னு.

சரிபார்ப்பவர்: …ஆமா. அவர் போனப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தேன். பொண்ணு கடல் தாண்டி இருக்கா. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா… கூப்பிட மறந்தா அடுத்த ஞாயிறு.

பேராசிரியர்: ம்… சரி, எப்பவும் மெயில்ல கேக்கறவங்க இன்னிக்கு ஃபோன்ல வந்திருக்கீங்க. கட்டுரையைத் திருப்பி அனுப்பறாங்களா? பயமுறுத்தாதீங்க, இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட். இதான் கடைசிக் கட்டுரை.

சரிபார்ப்பவர்: ஐயோ, அதெல்லாம் இல்ல. நாப்பது மேற்கோளுக்கு மேல கூடாதுன்னு பத்திரிகையில விதி. உங்க பட்டியல்ல நாப்பத்தொண்ணு இருக்கு. சாயங்காலம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஒண்ணை எடுக்கணும்.

பேராசிரியர்: பூ, இவ்வளவுதானா! எதை?

சரிபார்ப்பவர்: பதினேழு.

பேராசிரியர்: பதினேழை விட்டுடுங்க.

சரிபார்ப்பவர்: சரி மேடம், விட்டுடறேன். எடுத்தாச்சுன்னு குறிச்சுக்க…

பேராசிரியர்: அட, தொடாதீங்கன்னு சொன்னேன்! விட்டுடுங்கன்னா அப்படியே விட்டுடுங்க!

சரிபார்ப்பவர்: அது அச்சுல வராத தீசிஸ் மேடம். முப்பது வருஷத்துக்கு முந்தினது. எந்த லைப்ரரியிலயும் பிரதி இல்ல. படிக்கறவங்க தேடிப் பார்க்க முடியாததைத்தான் முதல்ல எடுக்கணும்.

பேராசிரியர்: லைப்ரரியில இருந்துச்சு. நான் கையில வச்சுப் படிச்சிருக்கேன். புதுக் கட்டடத்துக்கு மாத்தறப்ப பழைய தீசிஸ் எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டாங்க.

சரிபார்ப்பவர்: …எடைக்கா?

பேராசிரியர்: பழைய பேப்பரோட பேப்பரா. நல்லவேளை, ஒரே ஒரு அட்டவணையை அதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன். அதைத்தான் மேற்கோள் காட்டறேன்.

சரிபார்ப்பவர்: அப்படி என்ன மேடம் இருக்கு அதுல? அந்தப் பொண்ணு வெறும் தட்டான்பூச்சியை எண்ணியிருக்கா. குளத்தங்கரையில உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு…

பேராசிரியர்: எண்ணியிருக்காங்கன்னு சொல்லுங்க. ரெண்டு வருஷம், தினம் விடியக்காலையில போயிருக்காங்க! இன்னிக்கு அந்தக் குளத்தை மூடி வண்டி நிறுத்தறாங்க. அங்க தட்டான் பறந்துச்சுன்னு சொல்ல அந்த ஒரு அட்டவணைதான் மிச்சம்.

சரிபார்ப்பவர்: வேற யாரும் அதைச் சீண்டினதே இல்லையே. நீங்க மட்டும்தான்… ஆறு கட்டுரையிலயும்.

பேராசிரியர்: ஆறுன்னு எப்படித் தெரியும்?

சரிபார்ப்பவர்: …தேடிப் பார்த்தேன். அதுதானே வேலை.

பேராசிரியர்: சரி, காரணத்தைக் கேளுங்க. அந்த அட்டவணையில ஒன்பது கட்டம் காலி. கீழ ஒரு வரி: 'இந்த ஒன்பது நாள்களில் செல்ல இயலவில்லை.' அதுக்கு முந்தின நாளும் இருபது தட்டான், அடுத்த நாளும் இருபது. நடுவுல இருபது இருபதுன்னு எழுதியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?

சரிபார்ப்பவர்: மேல ஒருத்தன் இருக்கானே மேடம். அவனுக்குத் தெரியும்ல.

பேராசிரியர்: அதேதான்! என் தீசிஸ்லயும் மூணு கட்டம் காலியா இருந்துச்சு. மறுநாள் கொடுத்தாகணும். நிரப்பிடலாம்னு பேனாவை எடுத்துட்டேன். அப்பத்தான் இந்த ஒன்பதைப் பார்த்தேன். பேனாவை மூடி வச்சுட்டேன். இன்னி வரைக்கும் ஒரு எண்ணைக்கூட நான் இட்டுக்கட்டினதில்ல. முகம் தெரியாத ஒருத்தங்க பண்ணின புண்ணியம் அது.

சரிபார்ப்பவர்: பெரிய வார்த்தை மேடம்… அது வெறும் காய்ச்சலா இருந்திருக்கும். எழுந்து நிக்க முடிஞ்சிருக்காது.

பேராசிரியர்: என்னவோ. தேடினேன் அவங்களை. கல்யாணமாகிப் போயிட்டாங்க, அப்புறம் எதுவும் எழுதலன்னாங்க. விலாசம்கூடக் கிடைக்கல. நேர்ல நன்றி சொல்ல முடியாததாலதான் ஒவ்வொரு கட்டுரையிலயும் பேரையாவது போடறேன். இதுலயும் எடுத்துட்டா… அப்புறம் போட எனக்கு இடம் ஏது? அந்தப் பதினேழு மேல உங்களுக்கு என்ன அப்படிக் கோபம்?

சரிபார்ப்பவர்: கோபம் இல்ல மேடம். உங்களைக் கேக்காமலே எடுத்திருக்கலாம், விதி அப்படித்தான். ரெண்டு தடவை அழிச்சேன். ரெண்டு தடவையும் திரும்பப் போட்டேன். எடுக்கக் கை வரல… வச்சுக்க எனக்கு நியாயம் இல்ல. அதான் கூப்பிட்டேன்.

பேராசிரியர்: அப்ப நான் சொல்றேன், முப்பத்திமூணை எடுங்க.

சரிபார்ப்பவர்: அது உங்க சொந்தக் கட்டுரையாச்சே!

பேராசிரியர்: என் பேர்தான் பட்டியல் பூராவும் எறும்பு மாதிரி ஊருதே, அதுல ஒண்ணு குறைஞ்சா குடி முழுகிடாது. எடுங்கம்மா.

சரிபார்ப்பவர்: …எடுத்துட்டேன். நாப்பது.

பேராசிரியர்: பதினேழு?

சரிபார்ப்பவர்: இருக்கு. பக்க எண் மட்டும் விட்டுப்போச்சு.

பேராசிரியர்: ஜெராக்ஸ்ல ஓரம் வெட்டுப்பட்டிருச்சு. அது எனக்கே தெரியாது. எண் இல்லாமலே போகட்டும்.

சரிபார்ப்பவர்: இல்ல, அப்படி விடக் கூடாது. நூத்திப் பன்னெண்டு. போட்டுட்டேன்.

பேராசிரியர்: பிரதியே எங்கயும் இல்லன்னீங்க.

சரிபார்ப்பவர்: …

பேராசிரியர்: சரி, நான் எதுவும் கேக்கல… ஒரே ஒரு சந்தேகம். அவங்க பேருக்கு முன்னாடி அப்பா இனிஷியலைப் போட்டிருக்கேன். இப்ப வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்டுக்கறாங்களோ என்னவோ. எதை வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.

சரிபார்ப்பவர்: …அப்பாவோடதே இருக்கட்டும் மேடம். கல்யாணத்துக்கு முன்னாடிதான் எழுதினேன்.